148 வாட் ப்ராசஸருக்கு ஏற்ற ஏர் கூலர் எது?

கேள்வி: நானே பாகங்கள் வாங்கிப் பூட்டிய கணினியில் கோர் ஐ5-13400 ப்ராசஸரும், அதன் பெட்டியிலேயே வந்த கூலரும் இருக்கின்றன. வீடியோ ரெண்டர் செய்யும்போது வெப்பம் 95 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. விசிறியின் இரைச்சலும் தாங்கவில்லை. கேபினட்டில் 160 மி.மீ. உயரம் வரையுள்ள கூலர்தான் அடங்கும். ரேம்களின் மேல் உயரமான உலோகத் தகடு உண்டு. ஒற்றைக் கோபுர ஏர் கூலர் போதுமா, இரட்டைக் கோபுரம் வாங்க வேண்டுமா, அல்லது லிக்விட் கூலருக்குப் போவதே நல்லதா?

பதில்: ஒற்றைக் கோபுரமே, அதாவது மெல்லிய உலோகத் தகடுகளின் ஒரே அடுக்கு உள்ள கூலரே போதும். 120 மி.மீ. விசிறியும், வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் நான்கு அல்லது ஐந்து ஹீட் பைப்களும் கொண்ட கூலர் இந்த ப்ராசஸரின் வெப்பத்தை எளிதில் தாங்கும். லிக்விட் கூலர் வாங்கினால் பம்ப் என்ற இன்னொரு பழுதாகக்கூடிய பாகம் சேருமே தவிர, உங்கள் வேலையில் குறிப்பிடத்தக்க ஆதாயம் இருக்காது. 95 டிகிரி என்பதைக் கண்டு பதறவும் வேண்டாம்; இந்த ப்ராசஸரின் வரம்பு 100 டிகிரி, அதை எட்டினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் கூலர் வாங்குவதற்கு முன் செலவில்லாத இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலில், கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே ரெண்டரைக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரிக்கு மேல் இறங்கினால், கேபினட்டுக்குள் காற்று தேங்குவதும் ஒரு காரணம் என்று பொருள். அந்நிலையில் முன்பக்கம் காற்றை உள்ளிழுக்கும் விசிறியும் பின்பக்கம் வெளியேற்றும் விசிறியும் இல்லாமல், எவ்வளவு நல்ல கூலரைப் பொருத்தினாலும் அது சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். எந்த ஏர் கூலராலும் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக ப்ராசஸரை வைத்திருக்க முடியாது.

இரண்டாவது சோதனை பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில். ஐ5-13400-இன் அடிப்படை மின்திறன் 65 வாட். உச்ச டர்போ மின்திறன், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது எடுக்கக்கூடிய அதிகபட்ச அளவு, 148 வாட். பெட்டியில் வரும் கூலர் 65 வாட் வகைக்காக அமைக்கப்பட்டது. உச்ச அளவு குறுகிய நேரத்திற்கு மட்டுமே என்றிருந்தால் அது சமாளித்துவிடும். பல மதர்போர்டுகளோ அந்த நேர வரம்பை நீக்கிவிட்டு, ரெண்டர் முடியும்வரை உச்சத்திலேயே ஓட விடுகின்றன. உங்கள் சிக்கலின் பெரும்பகுதி இதுவாகவே இருக்கலாம் என்பது என் கணிப்பு. நீண்ட நேர மின்வரம்பை 100 வாட் அளவில் நிறுத்திப் பாருங்கள். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதாலும், மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதாலும், வாட் குறையும் அதே விகிதத்தில் வேகம் குறையாது. ரெண்டர் சற்றுத் தாமதமானாலும் இரைச்சல் நன்றாகவே அடங்கும்.

இவற்றுக்குப் பிறகும் புதிய கூலர் வேண்டும் என்று தோன்றினால், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொதுவான முறை எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 200 வாட்டும் இன்னொன்றின் 200 வாட்டும் ஒன்றல்ல. ஹீட் பைப்பின் எண்ணிக்கையும் ஓரளவுக்கே உதவும். குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும் சிறிதளவு நீர் அடிப்பகுதியில் ஆவியாகி, தகடுகளின் அருகே சென்று மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலம் வழியாகக் கீழே திரும்புகிறது. ப்ராசஸரின் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு மேல்மூடியைவிடச் சிறியது என்பதால், ஹீட் பைப்களே நேரடியாக ப்ராசஸரைத் தொடும் மாதிரிகளில் ஓரத்துக் குழாய்களுக்குக் கிடைக்கும் வெப்பம் நடுவிலுள்ளவற்றைவிடக் குறைவு. ஆறு குழாய் என்று பெருமையாகச் சொல்லப்படும் கூலரில் இரண்டு குழாய்கள் பாதி வேலைகூடச் செய்யாமல் இருக்கலாம். தகடுகளின் மொத்தப் பரப்பையும், குழாய்கள் அவற்றோடு நன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் நான் அதைவிட முக்கியமாகக் கருதுவேன்.

உயரத்தைப் பொறுத்தவரை, 120 மி.மீ. விசிறியுள்ள ஒற்றைக் கோபுரங்கள் பெரும்பாலும் 150 முதல் 160 மி.மீ. வரை இருக்கும், நீங்கள் 157-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாக்டுவா என்எச்-டி15 போன்ற 165 மி.மீ. இரட்டைக் கோபுரங்கள் உங்கள் கேபினட்டில் அடங்காது. தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போல 155 மி.மீ. அளவிலும் இரட்டைக் கோபுரங்கள் உண்டு. ஆனால் அவற்றின் முன்விசிறி ரேம்களின் மேல் வந்து நிற்கும். உயரமான ரேம் இருந்தால் விசிறியை மேலே ஏற்ற நேரிடும், ஏற்றிய அளவுக்கு மொத்த உயரமும் கூடும். ஒற்றைக் கோபுரத்தில் இந்தத் தொல்லை குறைவு. நான்கு ஸ்லாட் கொண்ட மதர்போர்டில் இரண்டு ரேம்கள் மட்டும் இருந்தால், பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில்தான் அவற்றைப் பொருத்துவார்கள். ப்ராசஸருக்கு மிக அருகிலுள்ள ஸ்லாட் காலியாக இருப்பதால் விசிறிக்கு இடம் கிடைத்துவிடும்.

பொருத்தும் முறையில் கவனம் தேவை. உங்கள் ப்ராசஸர் மதர்போர்டில் அமரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் திருகு துளைகள் 78 மி.மீ. இடைவெளியில் உள்ளன, முந்தைய எல்ஜிஏ1200-இல் அது 75 மி.மீ. எனவே பழைய இருப்பிலுள்ள கூலரை வாங்கினால் எல்ஜிஏ1700-க்கான பொருத்திகள் உள்ளேயே இருக்கின்றனவா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பிளாஸ்டிக் ஊசிகளால் மதர்போர்டில் அழுத்திப் பூட்டும் வகையைவிட, பின்தகடும் சுருள்வில் திருகுகளும் உள்ள வகை சீரான அழுத்தம் தரும். அடிப்பகுதியிலுள்ள பாதுகாப்புப் படலத்தை உரித்து, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை ப்ராசஸரின் நடுவில் பட்டாணி அளவு வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். விசிறி காற்றைக் கேபினட்டின் பின்புறம் நோக்கித் தள்ள வேண்டும். அதன் மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கமே காற்று வெளியேறும் பக்கம்.

விசிறியின் நான்கு பின் இணைப்பை மதர்போர்டிலுள்ள சிபியு ஃபேன் முனையிலேயே செருகுங்கள். பிறகு பயாஸில், 60 டிகிரி வரை விசிறி குறைந்த வேகத்தில் ஓடுமாறும், வெப்ப மாற்றத்துக்குச் சில வினாடிகள் தாமதித்தே வேகம் மாறுமாறும் அமையுங்கள். ஒரு பிரவுசர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் விசிறி சீறி எழுவது நின்றுவிடும்.