டேங்கை எடுத்துவிட்டார்கள், பெட்ரோல் போய்விட்டதா?

பெங்களூருவில் அல்சூர், மர்பி டவுன், ஈஜிபுரா பக்கம் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகள் இவை. பலர் மூடிய பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள். தங்கள் தண்ணீரில் பெட்ரோல் கலந்திருக்குமோ என்பதுதான் அவர்கள் கவலை. இப்படிப்பட்ட மனைகளில் பல வருஷமாகத் தண்ணீர் மாதிரி எடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் தெருமுனை பங்க்கை மூடி ஆறு வருஷம் ஆகிறது. டேங்கையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் என்ன பயம்?

போனது டேங்க் மட்டும்தான் தம்பி. அது துருப்பிடித்து ஊசித்துளை விழுந்த காலத்தில் கசிந்தது மண்ணிலேயே இருக்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு முக்கால் கிலோதான். அதனால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதுவும் இறங்கி மண்ணில் அப்பிக்கொள்ளும். மழைக்கு மட்டம் ஏறினால் அப்பியது தண்ணீருக்குள் மூழ்கி, அதிலிருக்கும் பென்சீன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இது பல வருஷம் நடக்கும். பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

எங்கள் போர்வெல் ஆயிரம் அடி. அவ்வளவு ஆழத்துக்கு எப்படி வரும்?

நம் ஊரில் மேலே உக்கிப்போன பாறை, கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். போர்வெல்லின் மேல்பகுதியில் மண் சரியாமல் இறக்கும் கேசிங் பைப்பைப் பாறை தட்டும்வரை மட்டும் இறக்கிவிட்டு, அதைச் சுற்றி அடைக்காமல் விட்டிருந்தால், மேல்தண்ணீர் பைப்பின் வெளிப்புறமாகவே கீழே இறங்கிவிடும். நாள் முழுக்க ஓடும் மோட்டாரும் அதை இழுக்கும். வெடிப்பு நேராகப் போகாது. பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லாமல் நான்காவது வீட்டில் பென்சீன் வரலாம். அதனால் அடுத்த வீட்டு ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

நாற்றமே இல்லை, டிடிஎஸ் 280தான் காட்டுகிறது. போதாதா மேடம்?

போதாது சார். டிடிஎஸ் மீட்டருக்குக் கரைந்த உப்புதான் தெரியும், பென்சீன் தெரியாது. மூக்கையும் நம்ப முடியாது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வாசனை தெரிய அதைப் போல நூறு மடங்குக்கும் மேல் வேண்டும்.

அசோசியேஷனில் ஒருமுறை சோதித்தோம், 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. திரும்பவும் செலவு செய்யணுமா?

எந்தக் குழாயில் பிடித்தீர்கள்? ஒரு குடியிருப்பில் இப்படித்தான் சமையலறைக் குழாயில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். சம்ப், ஓவர்ஹெட் டேங்க் எல்லாம் சுற்றி வருவதற்குள் பென்சீனில் பெரும்பகுதி காற்றில் பறந்துவிடும். நாங்கள் போர் வாயிலேயே எடுத்தோம், இருந்தது.

மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, போர்வெல்லை ஒட்டிய குழாயில் மெதுவாகப் பிடிக்க வேண்டும். ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பிதான் சரி. அதற்குள் சில சொட்டு அமிலம் இருக்கும், கழுவிவிடாதீர்கள். வழியவும் விடக்கூடாது. விளிம்பில் தண்ணீர் லேசாகக் குமிழ்ந்து நிற்கும்போது மூடுங்கள். பிறகு தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். கடுகளவு காற்றுக்குமிழி ஓடினாலும் அந்தக் குப்பி வேண்டாம், புதிதாக எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கையும் கேளுங்கள். 2000க்கு முன் ஓடிய பங்க் என்றால் ஈயத்துக்குத் தனியாக ஒரு பாட்டில் கொடுங்கள். அந்த ஆண்டில்தான் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது.

ஒருமுறை பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. ஏப்ரல், மே வறட்சியில் ஒன்று, மழை ஓய்ந்து நவம்பர் கடைசியில் ஒன்று என்று சில வருஷம் தொடர்ந்து பாருங்கள்.

மனையை வாங்கிய பில்டர் கண்காணிப்புக் கிணறு போடுவதாகச் சொல்கிறார். எதைக் கவனிக்கணும்?

நிலத்தடி நீரை அளக்கவும் மாதிரி எடுக்கவும் மட்டும் போடும் குழாய்க் கிணறு அது. குறைந்தது மூன்று கிணறு, முக்கோணமாக. மூன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். ஒன்றாவது, டேங்க் இருந்த குழியிலிருந்து தண்ணீர் நகரும் பக்கத்தில் இருக்க வேண்டும். துளையிட்ட பைப் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். துளைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்தால் மேலே மிதப்பது கிணற்றுக்குள் வரவே வராது, ரிப்போர்ட்டும் சுத்தமாக இருக்கும். எனக்கு இதுதான் மிகவும் கோபம் வரவைக்கும் தவறு. ஒழுங்காகப் போட்ட ஒரு கிணற்றில் கண்ணாடி போன்ற குழாயை இறக்கித் தூக்கினோம். கீழே தெளிந்த தண்ணீர், அதன் மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தேன் நிறத்தில் பழைய பெட்ரோல். பங்க் மூடி எத்தனையோ வருஷம் கழித்து!

கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா? ஆர்.ஓ.?

கொதிக்க வைத்தால் ஆவியாகி அடுப்படியிலேயே உங்கள் மூச்சில் சேரும் அம்மா, வேண்டாம். ஆர்.ஓ.வை மட்டும் நம்ப முடியாது. பென்சீனைப் பிடிப்பது ஆக்டிவேட்டட் கார்பன்தான், அதையும் காலத்தில் மாற்ற வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள்.

எங்களுக்குக் காவிரித் தண்ணீர் மட்டும்தான். தப்பித்தோமா?

பெரும்பாலும். ஆனால் பெட்ரோல் ஊறிய மண்ணுக்குள் பிளாஸ்டிக் பைப் போனால் பென்சீன் அதன் சுவர் வழியாகவே உள்ளே வரும். அந்த இடத்தில் மட்டும் இரும்பு பைப் போடச் சொல்லுங்கள்.

சம்ப்பைத் திறந்தால் பெட்ரோல் வாடை வருகிறது!

ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள், உள்ளே யாரும் இறங்க வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும், ஒரு பொறி போதும். வெளியே தள்ளி வந்து 112க்கு அழையுங்கள். அப்புறம் கர்நாடக மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பங்க் உரிமத்தோடு இணைத்த வரைபடத்தையும் அந்தப் புகாரிலேயே கேளுங்கள். டேங்க் எங்கே எத்தனை இருந்தது என்று அதில் இருக்கும்.