டிசைன் ஃபைல்கள் பென் டிரைவில் போகாமல் தடுக்க முடியுமா?

கேள்வி: சிவகாசியில் சிறிய ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். 5 கணினிகளில் கோரல் டிராவும் போட்டோஷாப்பும் ஓடுகின்றன. வேலையை விட்டுப் போன ஒருவர் எங்கள் காலண்டர் டிசைன்களைப் பென் டிரைவில் எடுத்துப் போனது பிறகுதான் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் படங்களைப் பென் டிரைவில் கொண்டுவருவதால் யுஎஸ்பியை அடியோடு மூடவும் முடியாது. ஃபைலைத் திறந்து வேலை பார்க்கலாம், காப்பி மட்டும் பண்ணக் கூடாது என்று வைக்க வழி உண்டா?

பதில்: நீங்கள் கேட்டபடி அப்படியே வைக்க வழி இல்லை. விண்டோஸில் ஒரு ஃபோல்டருக்குப் படிக்க, எழுத, அழிக்க என்று தனித்தனியாக அனுமதி தரலாம். காப்பி என்று ஓர் அனுமதியே கிடையாது. ஓரிடத்தில் படித்து இன்னோரிடத்தில் எழுதுவதுதான் காப்பி. படிக்க விடாவிட்டால் உங்கள் டிசைனர் வேலை செய்ய முடியாது. ஆகவே எழுதும் இடத்தைத்தான் அடைக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் ஆட்கள் எந்த அக்கவுண்டில் லாகின் செய்கிறார்கள்? பெரும்பாலான சிறு அச்சகங்களில் எல்லோருக்கும் ஒரே அக்கவுண்ட், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். அப்படி இருந்தால் நான் கீழே சொல்லும் எதையும் அவர்களே இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடலாம். அட்மின் அக்கவுண்ட் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்டாண்டர்டு யூசர் அக்கவுண்ட் உருவாக்குங்கள்.

விண்டோஸ் புரோ என்றால் தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. கணினியில் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று அமைக்கும் குரூப் பாலிசி எடிட்டரில், கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனுக்குள் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம் என்று போனால் ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் அக்சஸ்’ என்ற பகுதி வரும். அதில் ‘ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை ரைட் அக்சஸ்’ என்பதை எனேபிள் செய்யுங்கள். வாடிக்கையாளரின் பென் டிரைவிலிருந்து படத்தை எடுக்கலாம். அதில் எதையும் போட முடியாது. உங்கள் தேவை இதுதானே? கீபோர்டு, மவுஸ் எல்லாம் வழக்கம்போல ஓடும், அவை ஸ்டோரேஜ் வகையில் வருவதில்லை.

இதைக் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் செய்தால் உங்களுக்கும் சேர்த்தே தடை. உங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்றால் எம்எம்சி என்ற விண்டோஸ் நிர்வாகக் கருவியைத் திறந்து, குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ் அழுத்தி, யூசர்ஸ் பக்கத்தில் ‘நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பாலிசியை அங்கே யூசர் கான்ஃபிகரேஷனில் வைத்தால் மற்றவர்களுக்கு மட்டும் பொருந்தும். விண்டோஸ் ஹோமில் இந்த எடிட்டர் கிடையாது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், பென் டிரைவை இயக்கும் யுஎஸ்பிஸ்டோர் சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 3லிருந்து 4 ஆக்கினால் பென் டிரைவ் முழுதாகவே நின்றுவிடும், படிக்கவும் முடியாது. 5 கணினிகளில் தொழில் நடத்துபவர் புரோவுக்கு மாறுவதே நல்லது.

சரி, பென் டிரைவை அடைத்தாயிற்று. செல்போன்? அதைக் கேபிளில் மாட்டினால் விண்டோஸ் அதைப் பென் டிரைவாகப் பார்ப்பதில்லை, வேறு வகைச் சாதனமாகப் பார்க்கிறது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அதே பகுதியில் ‘டபிள்யூபிடி டிவைசஸ்: டினை ரைட் அக்சஸ்’ என்று இருப்பதையும் (போன் போன்ற சாதனங்களுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் பெயர்தான் டபிள்யூபிடி) எனேபிள் செய்யுங்கள். சிடி, டிவிடிக்கும் தனி வரி உண்டு. இன்னும் யார் சிடி எழுதுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2008 நவம்பரில் ஒரு வைரஸ் பரவியதும் பென் டிரைவுகளுக்குத் தடை போட்டது. அந்தத் தடைக்குப் பிறகுதான் அமெரிக்க ராணுவத்தில் உளவுத் தகவல் ஆய்வாளராக இருந்த செல்சி மானிங் ரகசிய ஆவணங்களை, பாடகி லேடி காகாவின் பெயரை எழுதிய சிடியில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார்.

அப்புறம், விண்டோஸையே தொடாமல் எடுக்கும் வழி. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை பூட் செய்தால் உங்கள் பாலிசி எதுவும் வேலை செய்யாது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, யுஎஸ்பி பூட்டை நிறுத்துங்கள். பல டெஸ்க்டாப்களில் மதர்போர்டு பேட்டரியைக் கழற்றினால் அந்தப் பாஸ்வேர்டு போய்விடும் என்பதால் ஹார்டு டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியும் இருக்கட்டும். அந்தப் பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீயை அச்சிட்டு பீரோவில் வையுங்கள், அதே கணினியில் சேமித்துவிடாதீர்கள்.

இணையம் திறந்திருந்தால் இத்தனையும் வீண். வாட்ஸ்அப் வெப்பில் ஒரு ஃபைலை இழுத்துப் போட எத்தனை நொடி ஆகும்? கவுண்டர் கணினியில் மட்டும் இணையம் போதும். ரவுட்டரில் தடுத்தாலும் போனிலிருந்து யுஎஸ்பி டெதரிங் போட்டு இணையத்துக்குப் போக முடியும், அதையும் கவனியுங்கள்.

இவ்வளவையும் செய்தபின்னும் திரையை போனில் படம் பிடிப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதில் லேயர் கிடைக்காது, வெக்டர் கிடைக்காது. உங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. நான் அதிகம் வலியுறுத்துவது வேறு: பழைய டிசைன்கள் எல்லாக் கணினியிலும் ஏன் கிடக்க வேண்டும்? மொத்தத்தையும் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ஒரே கணினியில் வைத்து, அன்றன்றைய வேலைக்கான ஃபோல்டரை மட்டும் அந்தந்த டிசைனருக்குத் திறந்துவிடுங்கள். ஒருவர் எடுத்துப் போனாலும் பத்து டிசைன்தான் போகும், பத்து வருட டிசைன் போகாது.

நடந்து முடிந்ததற்குத் தடயம் கிடைக்குமா என்றால், ஓரளவு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்ற ஃபோல்டரில் செட்அப்ஏபிஐ என்று தொடங்கும் லாக் ஃபைல்கள் இருக்கும். எந்தப் பென் டிரைவ் முதன்முதலில் எப்போது மாட்டப்பட்டது என்று அதில் பார்க்கலாம். எந்த ஃபைல் போனது என்பது இருக்காது. அதற்கு ஆடிட் பாலிசியில் ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ்’ என்பதை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். போட்டால் ஃபைல் பெயரும் யூசர் பெயரும் 4663 என்ற எண்ணில் செக்யூரிட்டி லாகில் பதிவாகும். அந்த லாக் ஃபைலின் அளவு வழக்கமாக 20 எம்பிதான், கூட்டி வையுங்கள்.

அனுமதியில்லாமல் ஒருவரின் கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆவது பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் ஆட்களிடம் இதுவரை எழுத்தில் எதுவும் வாங்கியிருக்க மாட்டீர்கள். டிசைன்கள் அச்சகத்துக்குச் சொந்தம், வெளியே எடுக்க அனுமதியில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், தமிழிலேயே.