பாலையில் எங்கே படுப்பது? – கடிதம்

அன்புள்ள சார்,

ஏப்ரல் நடுவில் நானும் மனைவியும் சான் ஓசேயிலிருந்து காரில் கிளம்பி கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனப் பூங்கா, மலையடி ஊரான லோன் பைன் என்று சுற்றிவிட்டு, டியோகா கணவாய் வழியாக யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இறங்கி வீடு திரும்பலாம் என்றிருக்கிறோம். ஹோட்டல் கிடையாது. கரண்டும் குழாயும் இல்லாத இடங்களில் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். யூடியூபில் பார்த்தால் காரின் தலைமேல் விரிக்கும் கூரைக் கூடாரம், கார் ஃப்ரிட்ஜ், சோலார் பேனல் என்று பட்டியல் நீள்கிறது. இதெல்லாம் இல்லாமல் போக முடியாதா? மனைவிக்குக் கரடி பயம் வேறு.

கே.

அன்புள்ள கே.,

அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லாமல் தாராளமாகப் போய் வரலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் பாதையில் போக முடியாது. டியோகா கணவாயின் உயரம் 3,031 மீட்டர். நவம்பர் வாக்கில் பனி விழுந்ததும் அடைத்துவிடுவார்கள். திறப்பதற்கு மே கடைசி அல்லது ஜூன் ஆகிவிடும். 2023இல் ஜூலை 22 வரை திறக்கவில்லை. ஏப்ரலில் போனால் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தெற்கே சுற்றி, டெஹாச்சபி வழியாக பேக்கர்ஸ்ஃபீல்டில் இறங்குங்கள். யோசெமிட்டியும் பார்த்தே தீரவேண்டும் என்றால் மேற்கிலிருந்து மாரிபோசா பாதையில் ஏறலாம்.

நீங்கள் மைல் கணக்கு பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் உயரக் கணக்குதான் பார்க்க வேண்டும். டெத் வேலியின் பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. லோன் பைனுக்கு மேலே நிற்கும் விட்னி சிகரம் 4,421 மீட்டர். இரண்டுக்கும் நேர்கோட்டில் 140 கிலோமீட்டர்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ஏப்ரலிலேயே பள்ளத்தாக்கின் அடியில் பகல் 32 டிகிரியைத் தொடும். அன்று சாயங்காலமே 1,250 மீட்டரில் இருக்கும் வைல்ட்ரோஸ் முகாமுக்கு ஏறிவிட்டால் எட்டு டிகிரி குறைவு. எந்த ஃப்ரிட்ஜும் ஃபேனும் வேண்டாம். அதற்கும் மேலே மஹாகனி ஃப்ளாட் இருக்கிறது, 2,479 மீட்டர். அங்கே தண்ணீர் கிடையாது, கடைசிச் சாலைக்குத் தரையிலிருந்து உயர்ந்த வண்டி வேண்டும், ஏப்ரலில் பனியும் கிடக்கலாம். உங்கள் கார் எது என்று எழுதவில்லை. செடான் என்றால் வைல்ட்ரோஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சாலைகள் திறந்திருக்கின்றனவா என்பதைப் பூங்காக்காரர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். டெத் வேலிச் சாலையில் டவுன் பாஸ் என்ற கணவாய் ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லிப் பலகையே வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து வாருங்கள்.

கூரைக் கூடாரம் எனக்கு ஆகாது. பக்கத்தில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் போவதென்றாலும் வீட்டையே மடித்துத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்பது குறைந்தபட்சம். சமையலுக்கும் ரேடியேட்டருக்கும் தனி. எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றாதீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் தண்ணீரோடு விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஜாடிகளையும் நம்பாதீர்கள். அலையலையாக வரி விழுந்த மண் சாலையில் மணிக்கணக்கில் குலுங்கும்போது அடிப்பாகம் உரசி ஊசி முனையளவு ஓட்டை விழும். டிக்கி விரிப்பு நனைந்த பிறகுதான் தெரியும். கெட்டியான கேன்கள் இரண்டு மூன்று வாங்கி, நடுவே பழந்துணி திணித்து வையுங்கள்.

கூடாரம் போட மணல் ஓடைப் படுகை மெத்தை மாதிரி ஆசை காட்டும். படுக்காதீர்கள். தலைக்கு மேலே மேகமே இல்லாவிட்டாலும் மலையில் பெய்த மழை அந்த வழியாகத்தான் வரும். 2023 ஆகஸ்ட் 20 அன்று டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக்கில் ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டி, சாலைகள் அடித்துக்கொண்டு போய், பூங்காவையே இரண்டு மாதம் மூடிவைத்தார்கள்.

சமையல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2,500 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகும் என்று உட்கார்ந்திருந்தால் கேஸ்தான் தீரும். சின்னக் குக்கரைத் தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் அரசு நிலங்களில் அமைக்கப்பட்ட முகாம்களுக்கு வெளியே கேஸ் அடுப்புக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்தில் இலவசம்.

அப்புறம் கரடி. டெத் வேலியில் கரடி பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே திருடன் அண்டங்காக்கை. பையின் ஜிப்பையே இழுத்துத் திறந்துவிடும். லோன் பைனுக்கு மேலே மலைப்பக்கம் ஏறினால் கருங்கரடி உண்டு. அது தேடி வருவது ஆளை அல்ல, சாப்பாட்டை. கார்க் கதவைத் திறக்கவும் தெரியும். அங்குள்ள முகாம்களில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். ராத்திரி சாப்பாட்டோடு டூத்பேஸ்ட், சோப்பு, லிப் பாம், குப்பைப் பை எல்லாம் அதற்குள் போகட்டும். காரில் குழந்தை சீட் இருந்தால் அதன் இடுக்கில் கிடக்கும் பிஸ்கட் தூளையும் தட்டிவிடுங்கள்.