மூன்றரை வயதில் நாலு கோடு நோட்டு எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ஒரு நர்சரிப் பள்ளியில் பிரீகேஜி போகிறாள். தினமும் நாலு கோடு நோட்டில் இரண்டு பக்கம் ஏ, பி, சி எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலை எடுத்தாலே அழுகிறாள். வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். 'வீட்டில் சௌராஷ்டிரம் பேசாதீர்கள், இங்கிலீஷ் பேசுங்கள்' என்கிறார் டீச்சர். தெருமுனையில் அங்கன்வாடி இருக்கிறது. 'அங்கே வெறும் விளையாட்டுதான், பிள்ளை பின்தங்கிவிடும்' என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில் அந்த நோட்டை மூடி வையுங்கள். உங்கள் மகள் அடம்பிடிக்கவில்லை, அவள் கையால் முடியாததைக் கேட்கிறார்கள். பொதுவாக மூன்று வயதில் ஒரு குழந்தை பார்த்து வரையக்கூடியது வட்டம். நான்கு வயதில் கூட்டல் குறி வரும். சதுரம் நாலரை, ஐந்தில். முக்கோணத்துக்கு ஐந்தும் அதற்கு மேலும் ஆகும், ஏனென்றால் சாய்வுக் கோடுதான் கைக்குக் கடைசியாக வசப்படுவது. இங்கிலீஷ் 'ஏ' எழுத்தைப் பாருங்கள்: இரண்டு சாய்வுக் கோடு, நடுவில் ஒரு படுக்கைக் கோடு. அகரவரிசையில் முதலில் இருக்கிறது என்பதற்காக அதையே முதலில் எழுத வைக்கிறார்கள். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் இந்த வயதில் எக்ஸ்ரேயில் தெரிவது மூன்றோ நான்கோதான். மீதி இன்னும் குருத்தெலும்பு.

இனி மாமியாரின் பயம். அது நியாயமான பயம், அதற்குப் பதில் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெரி ஆய்வு, 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. 58 பேருக்கு முன்பள்ளி, 65 பேருக்கு இல்லை. முன்பள்ளி போனவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் முதலில் எகிறியது. இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குள் அந்த ஏற்றம் கரைந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் 'பயனில்லை' என்று எழுதி மூடியிருப்பார்கள். நாற்பது வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் முன்பள்ளிக் குழுவில் 36 சதவீதம், மற்றக் குழுவில் 55. ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் 60 சதவீதம், எதிரே 40.

அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை நம் ஊர்ப் பள்ளி விளம்பரங்கள் சொல்வதில்லை. காலையில் இரண்டரை மணி நேரம்தான் வகுப்பு. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். குழந்தை தானே திட்டமிடும், செய்யும், செய்ததைப் பேசும். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே வந்து ஒன்றரை மணி நேரம் தாயுடனும் குழந்தையுடனும் உட்கார்ந்தார். வீட்டுப்பாடத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆசிரியரை அனுப்பினார்கள்.

அதே மிச்சிகன் மாநிலத்தில் 68 குழந்தைகளை மூன்று வகை வகுப்புகளில் வைத்து இன்னொரு ஆய்வும் நடந்தது. ஆசிரியர் சொல்ல, குழந்தைகள் திருப்பிச் சொல்லும் வகுப்பு அதில் ஒன்று. மற்ற இரண்டிலும் விளையாட்டுக்கு இடம் இருந்தது. மதிப்பெண் மூன்றிலும் ஏறியது. ஆனால் பள்ளிக் காலத்தில் மனநலச் சிக்கலுக்கு உதவி தேவைப்பட்டவர்கள் முதல் வகையில் 47 சதவீதம், மற்ற இரண்டில் 6. சிறிய ஆய்வு, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. டென்னஸி மாநிலத்தில் சுமார் 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். அரசு முன்பள்ளியில் இடம் கிடைத்தவர்கள் அந்த ஆண்டு முடிவில் முன்னால் நின்றார்கள். ஆறாம் வகுப்பில் தேர்விலும் ஒழுங்கிலும் பின்னால் போயிருந்தார்கள். முன்பள்ளி என்ற பெயர்ப்பலகை மட்டும் யாரையும் கரையேற்றாது. சீக்கிரம் எழுதியதால் வரும் முந்தல் சீக்கிரமே தீரும்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு அங்கன்வாடியில் சேர்க்கலாமா? கூடாது. போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே 640 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்கு இன்னொருவரைக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முந்தினார்கள். பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்ததால் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளும் குறைந்தார்கள். அதாவது எடை, சத்துமாவு, பதிவேடு, செல்போன் செயலி எல்லாம் ஒரே ஆள் தலையில் இருப்பதுதான் பல மையங்களில் குறை.

காலை பத்தரை மணிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். விளையாட்டுப் பொருள்கள் பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா, குழந்தைகள் கையில் இருக்கின்றனவா? பணியாளர் ஒரு குழந்தையின் முகம் பார்த்துக் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? வரிசையில் சும்மா உட்கார வைக்கும் நேரம் எவ்வளவு? அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் இந்த மாதம் என்ன தலைப்பு என்று கேளுங்கள். சட்டென்று சொன்னால் அங்கே வகுப்பு நடக்கிறது என்று பொருள். இதே கண்ணோடு இப்போதைய பள்ளியிலும் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். அனுமதிக்காவிட்டால் அதுவே பதில்.

  

வீட்டில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். பத்துப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஒண்ணு குடு' என்று கேளுங்கள், பிறகு இரண்டு, பிறகு மூன்று. இருபது வரை ஒப்பிக்கிற குழந்தைகூட 'நாலு குடு' என்றதும் கைப்பிடியாக அள்ளிக் கொடுக்கும். எந்த எண்ணில் அள்ளுகிறாளோ அங்கிருந்துதான் அவளுக்குக் கணக்கு ஆரம்பம். 'இதோ நாலு' என்று முதலில் சொல்லிக் காட்டி, அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். கைக்கு வேலை வேண்டுமானால் சப்பாத்தி மாவை உருட்டட்டும், சுவரிலோ வாசலிலோ சாக்பீஸால் கிறுக்கட்டும். நீள சாக்பீஸ் கொடுக்காதீர்கள். உடைந்த துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும், பென்சில் பிடி தானாகவே வரும்.

வீட்டில் சௌராஷ்டிரத்தை நிறுத்தவே கூடாது. கதை, கேள்வி, பதில் எல்லாம் உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் நடந்தால்தான் அவளுக்குச் சொல்வளம் சேரும். பிற்பாடு எந்த மொழியில் வாசித்தாலும் அதுதான் கைகொடுக்கும். புது மொழி வகுப்பில் குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது சாதாரணம். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்றால் கவலை வேண்டாம். வீட்டிலும் பேச்சு குறைவாக இருந்தாலோ, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, டியூஷனைத் தேடாமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.