இப்ப யார் கண்ணு புள்ள மேல?

ராயபுரத்துல 22 வருஷமா புள்ளைங்கள பாத்துக்குற அக்கா, வாசகிங்க கேட்டதுக்கு பதில் சொல்றாங்க.

கேள்வி: அக்கா, நான் எம்.சி. ரோட்ல ஒரு பெரிய துணிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன். பாப்பாவுக்கு ரெண்டர வயசு, பக்கத்து தெரு பேபி கேர்ல விட்டுட்டு போறேன். போன வாரம் கூப்பிட போனா நெத்தியில எலுமிச்சம்பழம் சைஸுக்கு வீக்கம். கேட்டா "விளையாடும்போது விழுந்துட்டா, விழாத புள்ள எங்க இருக்கு"ன்றாங்க. கேமரா இருக்கு, போன்லயே பாத்துக்கோன்னு வேற சொல்றாங்க. மாமியார் வேலைய விட்டுடுன்றாங்க. என்ன பண்ணட்டும்? – ஒரு அம்மா, கொருக்குப்பேட்டை

பதில்: வேலைய விடாத தங்கச்சி, அவசரப்பட்டு எதுவும் முடிவு பண்ணாத. ரெண்டர வயசு புள்ள விழத்தான் செய்யும், அதுக்காக "ஏன் விழுந்தா"ன்னு சண்டைக்கு போனா அவங்களும் பதிலுக்கு சண்டைக்குதான் வருவாங்க. வேற மாதிரி கேளு. எத்தன மணிக்கு விழுந்தா, எதுல இடிச்சா, அப்ப அவ பக்கத்துல யாரு இருந்தாங்க. டக்குன்னு பதில் வந்தா ஒருத்தர் பாத்துட்டுதான் இருந்திருக்காங்க. "மத்தியானம் இருக்கும்... ஆயாம்மா இருந்தாங்கன்னு நெனக்கிறேன்"னு இழுத்தா, விழுந்தத யாருமே பாக்கல, அழுத சத்தம் கேட்டுதான் ஓடி வந்திருக்காங்க. எனக்கு அந்த வீக்கத்த விட இதுதான் பயமா இருக்கு. அப்புறம், தலையில அடிபட்ட உடனேயே உனக்கு போன் பண்ணியிருக்கணும், சாயங்காலம் நீ வந்து பாத்து தெரிஞ்சுக்கிற விஷயமா இது? அடிபட்ட புள்ள திரும்ப திரும்ப வாந்தி எடுத்தாலோ, நினைவு தப்புனாலோ, எழுப்ப எழுப்ப தூங்கி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்குல ரத்தமோ தண்ணியோ வந்தாலோ ஒரு நிமிஷம் யோசிக்காம ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடு, 108க்கு அடி.

கேமரா இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா கேமரா நடந்தத அப்புறமா காட்டும், விழப்போற புள்ளைய பிடிக்காது. நீ கடையில கஸ்டமருக்கு பொடவ விரிச்சு போட்டுட்டே போன்ல பாப்பாவ பாத்துட்டு இருக்க முடியுமா? நான் அங்க எண்ணி பாக்க சொல்றது ஆள. பிரசவ கால சட்டத்துல வந்த புள்ள காப்பகங்களுக்கு 2018ல மத்திய அரசு குடுத்த வழிமுறையில 3 வயசுக்கு கீழ 10 புள்ளைக்கு ஒரு ஆள், 3லேர்ந்து 6 வரைக்கும் 20 புள்ளைக்கு ஒரு ஆள், கூட ஒரு உதவி ஆளும்னு இருக்கு. என்ன கேட்டா 10 கைக்கொழந்தைய ஒருத்தி பாக்குறதே கஷ்டம், அதுக்கு மேல போனா நான் விடவே மாட்டேன். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் மத்தியானம் போய் நில்லு, அப்ப தெரியும்.

இன்னொன்னு, உங்க கடையில 50 பேரோ அதுக்கு மேலயோ வேல செஞ்சா காப்பக வசதி குடுக்கணும்னு 2017லேர்ந்து சட்டம் சொல்லுது, அம்மா ஒரு நாளைக்கு 4 தடவ போய் புள்ளைய பாத்துட்டு வரலாம். தனியா கேட்டா வாய மூடிடுவாங்க, புள்ள வெச்சிருக்க நாலஞ்சு பேரு சேர்ந்து கேளுங்க.

கேள்வி: வியாசர்பாடியில வீட்டுலயே 11 புள்ளைங்கள பாத்துக்குறேன், ஒரு ஆயாம்மா கூட இருக்காங்க. எங்க தெருவுல தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். ரெண்டு பெரிய நீல ட்ரம், சம்ப், பாத்ரூம்ல பக்கெட்டுனு எங்க பாத்தாலும் தண்ணி. வாடகை வீடு, ஒடச்சு கட்டவும் முடியாது. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது அக்கா.

பதில்: தூக்கம் வரலன்னு சொல்ற பாரு, உன் கிட்ட புள்ளைய நம்பி விடலாம். எனக்கு நடந்தத சொல்றேன். பல வருஷம் முன்ன, ஒரு மத்தியானம், நான் இருக்கேன், ஆயாம்மா இருக்காங்க, புள்ளைய கூப்பிட வந்த ஒரு அம்மாவும் பேசிட்டு உக்காந்திருக்காங்க. மூணு பெரியவங்க. ஒன்றர வயசு பையன் ஒருத்தன் எப்ப நகந்து போனான்னு மூணு பேருக்குமே தெரியாது. பாத்ரூம்ல ஜக்கு கீழ விழுற சத்தம் கேட்டு எழுந்து போனா பக்கெட்ல தல உள்ள, கால் வெளிய. சத்தம் இல்ல, அழுக இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஜக்கு மட்டும் விழலன்னா... இன்னைக்கும் அந்த இடத்துக்கு மேல யோசிக்க முடியல. தூக்குன உடனே இருமி அழுதுட்டான், சாமி புண்ணியம். நான் ஆயாம்மா பாக்குறாங்கன்னு நெனச்சேன், ஆயாம்மா நான் பாக்குறேன்னு நெனச்சாங்க. ஆள் கம்மியா இருந்து நடக்கல, ஆள் இருந்தும் நடந்துச்சு.

அன்னைலேர்ந்து எங்க கிட்ட ஒரு பழக்கம். யார் எழுந்தாலும் வாய விட்டு சொல்லணும், "நான் அடுப்படிக்கு போறேன், 11 புள்ளையும் உன் கிட்ட"ன்னு. அந்தப் பக்கம் எண்ணி பாத்துட்டு "11 என் கிட்ட"ன்னு பதில் சொன்னாதான் நகரணும். மொதல்ல சிரிப்பா இருக்கும், ஒரு மாசத்துல பழகிடும். சாப்பிட உக்காரும்போது, பாத்ரூம் போய் வந்ததும், தூங்க வெக்கும்போது, எழுந்ததும் எண்ணு, வாயால இல்ல, ஒவ்வொரு தலையா பாத்து எண்ணு. முக்கியமா தண்ணி வர்ற நேரம். லாரி வந்துடுச்சுன்னு தெருவுல சத்தம் கேட்டதும் வீட்ல இருக்க எல்லாரும் கொடத்த தூக்கிட்டு ஓடுவோம்ல, அந்த பத்து நிமிஷம்தான் மோசம். தண்ணி பிடிக்க ஒருத்தர், புள்ளைக்கு ஒருத்தர், மாறவே கூடாது, தண்ணி போனா போகட்டும்.

ட்ரம்முக்கு சும்மா மூடி பத்தாது, தள்ளிடுவாங்க. பழைய சைக்கிள் ட்யூப்ப மூடி மேல குறுக்க இழுத்து கட்டிடு, காசே ஆகாது. பக்கத்துல ஸ்டூல், பெயின்ட் டப்பா எதுவும் ஏறி நிக்குற மாதிரி இருக்கக்கூடாது. சம்ப்புக்கு பூட்டு, சாவி உன் இடுப்புல. பாத்ரூமுக்கு வெளிய, உசரத்துல ஒரு தாப்பா. வேல முடிஞ்ச பக்கெட்ட கவுத்து வை. ரெண்டு இன்ச் தண்ணி போதும் அந்த வயசுக்கு, தலதான் கனம், குப்புற விழுந்தா எழ முடியாது.

அப்படி ஏதாவது ஆயிடுச்சுன்னா, ஆகவேணாம், தலகீழா பிடிச்சு சுத்துறது, வயித்த அமுக்குறது ரெண்டும் கூடாது. அதுல போற நேரம்தான் உயிரு. மூச்சு இல்லன்னா உடனே வாயில காத்து ஊதணும், அப்புறம் நெஞ்சு நடுவுல 30 தடவ அமுக்கு, 2 தடவ ஊது, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாத. 108க்கு இன்னொருத்தர் அடிக்கட்டும். இத படிச்சு மட்டும் கத்துக்க முடியாது, முதலுதவி பயிற்சி எங்க நடந்தாலும் ஆயாம்மாவையும் கூட்டிட்டு போ.

தண்ணிய பாத்துட்டு அடுப்ப மறந்துடாத. சோறு வடிக்கிற நேரத்துல ஒரு புள்ளயும் அடுப்படி வாசல தாண்டக்கூடாது. கஞ்சி பட்டுடுச்சுன்னா கொழாய் தண்ணிய 20 நிமிஷம் ஊத்து, இங்க், பேஸ்ட், மஞ்சள் ஒண்ணும் தடவாத. வேர்க்கடலை, முழு கொண்டக்கடலை சின்ன புள்ளைங்க கைக்கு போகவே வேணாம், தொண்டையில அடைச்சுக்கும்.

கேள்வி: எண்ணூர் பக்கம் பால்வாடி டீச்சர் நான். 2023 டிசம்பர் 26 ராத்திரி அம்மோனியா கசிஞ்சப்ப ஊரே ஓடுச்சு. பகல்ல நடந்திருந்தா 25 புள்ளைங்கள நான் எப்படி தூக்கிட்டு ஓடியிருப்பேன்?

பதில்: தூக்க முடியாதும்மா, நடத்திதான் கூட்டிட்டு போகணும், அதுக்கு முன்னாடியே பழக்கணும். கண்ணு எரிஞ்சு மூக்குல ஏறுற மாதிரி நெடி வந்தா மொதல்ல ஜன்னல் கதவ சாத்து, ஃபேன நிறுத்து, புள்ளைங்க மூக்குக்கு ஈரத்துணி, ஏன்னா அம்மோனியா தண்ணியில நல்லா கரையும். கண்ணு எரிஞ்சா நிறைய தண்ணி விட்டு கழுவு. உள்ளயும் தாங்க முடியல, இல்ல வெளிய வரச்சொல்றாங்கன்னா கொடியில காயுற துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாரு, அந்தப் பக்கமே ஓடாத, காத்துக்கு குறுக்கால போ. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல பள்ளிக்கூடத்துல தீயில 94 புள்ளைங்க போனத நாம மறக்கல, அதனால பால்வாடி நேரத்துல வெளிய போற வழிய சாமான் வெச்சு அடைக்காத, உள் தாப்பா மட்டும் போடு, பூட்டு வேணாம்.

நீளமா ஒரு கயிறு வாங்கி கை நீளத்துக்கு ஒரு முடிச்சு போடு, ஒரு முடிச்சுக்கு ஒரு புள்ள. முன்னாடி நீ, பின்னாடி ஹெல்பர். வருகை நோட்டு கதவு பக்கத்துல ஆணியில தொங்கட்டும், கிளம்பும்போதும் எண்ணு, போய் சேர்ந்ததும் எண்ணு. மாசத்துக்கு ஒரு தடவ ரயில் விளையாட்டுனு சொல்லி தெருமுனை வரைக்கும் நடத்திட்டு வா. மொத நாள் நாலு பேரு கயித்த விட்டுட்டு ஓடுவாங்க, பரவால்ல, கூப்பிட்டு எண்ணிட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பி.