இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த லோகோ இங்க்ஸ்கேப்பில் ஏன் உருமாறுகிறது?

கேள்வி: அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த லோகோவை எஸ்விஜி என்ற வெக்டர் (கோடும் வளைவுமாகப் பதியும் படம்) கோப்பாக்கி, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளைப் பயன்படுத்தும் நண்பருக்கு அனுப்பினேன். அங்கே அளவு சுருங்கி, எழுத்துரு மாறி, நிழல் கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். வேறு எந்த ஃபார்மட்டில் அனுப்பலாம்?

பதில்: ஃபார்மட்டை மாற்றினால் மட்டும் இது தீராது. நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

அளவுக் குழப்பம் வெறும் கணக்கு. இல்லஸ்ட்ரேட்டர் ஒரு அங்குலத்தை 72 அலகாக எண்ணுகிறது, இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து 96 ஆக எண்ணுகிறது. 720 அலகு அகலமுள்ள லோகோ இல்லஸ்ட்ரேட்டரில் 10 அங்குலம், இங்க்ஸ்கேப்பில் 7.5 அங்குலம். படத்துக்கு ஒரு சேதமும் இல்லை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 133.33 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் போதும். கோட்டின் தடிமனும் சேர்ந்து பெரிதாகும் அமைப்பு இயக்கத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் லோகோ வளரும், கோடு மெலிந்தே நிற்கும்.

எழுத்துரு விஷயம் இதைவிட வில்லங்கமானது. எஸ்விஜியில் பொதுவாக எழுத்துருவின் பெயர்தான் போகும், எழுத்துரு போகாது. நண்பரின் கணினியில் அது இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். தமிழ் எழுத்து என்றால் கூடுதல் கவனம் தேவை: 'கொ' மாதிரி இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். எனவே அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள் (கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ). அதன் பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, பிரதியில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

நிழல் வெக்டரே அல்ல. எஃபெக்ட் மெனுவில் சேர்த்த மங்கலான நிழலை இல்லஸ்ட்ரேட்டர் ஏற்றுமதியின்போது பிக்சல் படமாக்கி உள்ளே ஒட்டிவிடுகிறது. டாக்குமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் அமைப்பு 72 பிபிஐயில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) இருந்தால் கட்டம் தெரியத்தான் செய்யும்; 300 ஆக்குங்கள். என்னைக் கேட்டால் லோகோவுக்கு நிழலே வேண்டாம். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்குப் போகும் நாளில் எப்படியும் அதைக் கழற்றத்தான் வேண்டும். வலைபோல் புள்ளி வைத்து வண்ணம் கலக்கும் கிரேடியன்ட் மெஷ்ஷுக்கும் இதே கதிதான், எஸ்விஜி 1.1-இல் அதற்கு இடமே இல்லை.

அச்சுக்குப் போவதென்றால் எஸ்விஜியை விட்டுவிட்டு பிடிஎஃப் கொடுங்கள். எஸ்விஜியின் வண்ணம் திரைக்கான ஆர்ஜிபி சார்ந்தது. அச்சு மைக்காக நீங்கள் பார்த்துப் பார்த்துக் கலந்த சிஎம்ஒய்கே அளவுகள் அதில் தங்காது. பிடிஎஃப்பில் தங்கும். இல்லஸ்ட்ரேட்டரின் சொந்த ஃபார்மட்டான ஏஐ கோப்பையே அனுப்பினாலும் பெரும்பாலும் திறக்கும், ஏனென்றால் இல்லஸ்ட்ரேட்டர் 9 முதல் அதற்குள் ஒரு பிடிஎஃப் பிரதியும் இருக்கிறது. ஆனால் சேமிக்கும்போது வரும் பிடிஎஃப் இணக்கத்துக்கான டிக்கை எடுத்துவிட்டால், நண்பர் திறக்கும் பக்கத்தில் லோகோவுக்குப் பதில் 'பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமிக்கப்பட்ட கோப்பு' என்ற அறிவிப்புதான் இருக்கும். பழைய அச்சு ஃபார்மட்டான இபிஎஸ்ஸை யாராவது கேட்டால் மட்டும் கொடுங்கள். அதற்கு டிரான்ஸ்பரன்சி தெரியாது. ஒளி ஊடுருவும் பகுதிகளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும்.

அனுப்புமுன் ஒரு சோதனை. எஸ்விஜி என்பது உள்ளுக்குள் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கலாம். 'இமேஜ்' என்ற டேகை (குறிச்சொல்லை) ஆங்கிலத்தில் தேடுங்கள். இருந்தால் ஏதோ ஒரு பகுதி பிக்சலாகிவிட்டது. 'டெக்ஸ்ட்' டேக் இருந்தால் அவுட்லைனாக்காத எழுத்து எங்கோ பாக்கி இருக்கிறது.