பத்தாம் வகுப்பும் படப்பிடிப்பும்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

மும்பை செம்பூரில் இருபது வருடமாக இருக்கிறோம். வங்கியில் வேலை பார்க்கிறேன். மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. இரண்டு விளம்பரங்களில் நடித்திருக்கிறாள், ஒரு வெப் சீரிஸில் கதாநாயகியின் தங்கையாக வந்தாள். இப்போது அந்தேரியில் ஒரு காஸ்டிங் ஆபீஸ் மூலம் இந்திப் படம் ஒன்றுக்குத் தேர்வாகியிருக்கிறாள். கல்லூரி மாணவி வேடம். டிசம்பர், ஜனவரியில் நாற்பது நாள் வெளியூர் படப்பிடிப்பு. அது முடிந்ததும் பொதுத்தேர்வு. படிப்பை பிரைவேட்டாக முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஐந்து வருட ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். பெயரை மாற்ற வேண்டுமாம், வடக்கே யாருக்கும் வாயில் நுழையாதாம். என் அம்மா ஒரே அழுகை. மனைவிக்கு ஆசை. நான் வேலையை விட்டுவிட்டு மகளோடு போகலாமா என்று யோசிக்கிறேன். என்ன செய்யலாம்?

ஒரு அப்பா, செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், காஸ்டிங் ஆபீஸ் இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளுக்கும் ஆசைதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

முதலில் அந்தக் கல்லூரி மாணவி வேடம். நம் சினிமாவில் குழந்தைக்கு இடம் உண்டு, கதாநாயகிக்கு இடம் உண்டு. நடுவில், முகத்தில் பரு வந்து, பல்லில் கம்பி கட்டி நிற்கிற வயதுக்கு இடமே கிடையாது. பையனாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பெண்ணாக இருந்தால் வயதைக் கூட்டிவிடுவார்கள். ஸ்ரீதேவி 1963-இல் பிறந்தவர், 'மூன்று முடிச்சு' வந்தது 1976-இல், பதின்மூன்று வயதில் அவர் அதில் ரஜினிக்குச் சித்தியாக வந்து நின்றார். 'அன்புள்ள ரஜினிகாந்த்' படத்தில் குழந்தையாக நடித்த மீனா, ஒன்பது வருடம் கழித்து 'எஜமான்' படத்தில் அதே ரஜினிக்கு ஜோடி, அப்போது அவருக்குப் பதினாறு. நாமெல்லாம் கைதட்டித்தான் பார்த்தோம். கமல் 1960-இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் அழவைத்துவிட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் வேடம் இல்லாமல் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவுக்குப் போனார், அப்புறம் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக இருந்தார். அந்த வருடங்கள் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தன என்பது பின்னால் தெரிந்தது. அதே காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியே கொடுக்கப்படவில்லை.

ஆகவே கையெழுத்துக்கு முன் முழுத் திரைக்கதையையும் கேளுங்கள். 'கதைச் சுருக்கம்' என்று ஒன்றரைப் பக்கம் நீட்டுவார்கள், அது போதாது. கல்லூரி மாணவி என்றால் காதல் இருக்கும், காதல் என்றால் என்னென்ன காட்சி என்று இப்போதே தெரிய வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்துக்குப் பதினெட்டு நிறையாத எல்லோரும் குழந்தைதான், கதையில் அவளுக்கு எத்தனை வயது என்பது அங்கே எடுபடாது.

வேலை நேரம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தி, அடுத்த வருடம் விதிகளும் கொண்டுவந்தார்கள். நடிக்கிற குழந்தை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும், சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். நல்ல விதிகள்தான், ஆனால் இங்கே குழந்தை என்பது பதினான்கு வயது நிறையாதவர். உங்கள் மகள் அந்த வேலியைத் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. ஒரு காஸ்டிங் ஆபீஸுக்குப் பதினைந்து வயது ஏன் இவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், என் சந்தேகம்தான். எப்படியானாலும் அதே ஐந்து மணி, அதே மூன்று மணி, 27 நாள், கூடவே வீட்டு ஆள் ஒருவர், இவற்றையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். வைப்புத்தொகையைப் பற்றி வங்கிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, 20 என்று நிறுத்தாமல் முழுச் சம்பளத்தையும் அவள் பெயரில் போடுங்கள்.

ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி மைனரின் கையெழுத்து செல்லாது, அதனால்தான் உங்களுடையதைக் கேட்கிறார்கள். பதினைந்தில் தொடங்கி ஐந்து வருடம் என்றால், அவள் மேஜராகிய பிறகான இரண்டு வருடத்தையும் நீங்கள் இப்போதே எழுதிக்கொடுப்பதாக ஆகும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் ஒப்பந்தம், அதையும் ஒரு வக்கீல் பார்த்த பிறகு.

தேர்வு. பிரைவேட் என்று அவர்கள் சொல்வது தேசியத் திறந்தநிலைப் பள்ளியாக இருக்க வேண்டும், அது ஒன்றும் மட்டமில்லை. வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு, பதிவு ஐந்து வருடம் செல்லும். விளையாட்டில் இருக்கிற பிள்ளைகள் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் யோசித்து வருடத் தொடக்கத்தில் எடுக்க வேண்டிய முடிவை, யாரோ போட்ட கால்ஷீட்டுக்காக வருட நடுவில் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுடைய காட்சிகளை ஏப்ரலுக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஹீரோவின் தேதிக்காக மொத்த யூனிட்டும் காத்திருக்கிற தொழில்தானே. முடியாது என்றால் ஒரே மதியத்தில் வேறு பெண்ணைப் பிடித்துவிடுவார்கள், அதையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். ஆடிஷன் நடக்கிற வெர்சோவா ஆராம் நகர் சந்துகளில் வரிசையில் நின்று, வாசலிலேயே 'நாட் ஃபிட்' கேட்டுவிட்டு மெட்ரோ பிடித்து காட்கோபர் வந்து, அங்கிருந்து குர்லா மாறி வீடு திரும்பிய அனுபவம் உங்கள் மனைவிக்கு இருக்கும், அவருக்கு இதை விளக்க வேண்டாம்.

இனி உங்கள் வேலை. விடாதீர்கள். ஆடிஷனுக்குக் கூடப் போக லீவு போடுங்கள், சம்பளமில்லா விடுப்பு எடுங்கள், மனைவியும் நீங்களும் மாறி மாறிப் போங்கள், ஆனால் ராஜினாமா வேண்டாம். நீங்கள் வேலையை விட்ட அன்றே செம்பூர் வீட்டு வாடகை அவள் தலையில் ஏறிவிடும். அப்புறம் ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றோ, களைப்பாக இருக்கிறது என்றோ, இந்தத் தொழிலே வேண்டாம் என்றோ அவளால் வாய் திறக்க முடியாது. யாரும் அவளை மிரட்ட வேண்டியதில்லை, மளிகைக் கணக்கைப் பார்த்தே வாயை மூடிக்கொள்வாள். ஜைரா வாசிம் 'தங்கல்' படத்துக்குத் தேசிய விருது வாங்கி, 2019-இல் பதினெட்டு வயதில் நடிப்பு போதும் என்று அறிவித்தார். அவர் சொன்ன காரணத்தைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னார்கள், நான் கவனித்தது அவரால் நிறுத்த முடிந்தது என்பதைத்தான். இன்னொரு பக்கம் ஷஃபீக் சையத். பெங்களூரிலிருந்து மும்பைக்கு ஓடிவந்த சிறுவன், 1988-இல் 'சலாம் பாம்பே' படத்தின் நாயகன், ஆஸ்கர் பரிந்துரை வரை போன படம், அவருக்கும் தேசிய விருது. அப்புறம் 'பதங்' என்று ஒரே ஒரு படம், அதோடு வாய்ப்பு நின்றுபோனது, பெங்களூருக்கே திரும்பி ஆட்டோ ஓட்டினார். ஆட்டோ ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை, நான் சொல்வது தேசிய விருதேகூடத் தொடர்ந்து வாய்ப்பு வாங்கித்தராது என்பது. உங்கள் மகளுக்கு இன்னும் முதல் படமே வரவில்லை, அதற்குள் ஒரு குடும்பத்தின் வருமானத்தை அதன்மேல் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

அம்மாவின் அழுகைக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரு நாள் படப்பிடிப்புக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள், ஒரே ஷாட்டை இருபது தடவை எடுப்பதைப் பார்த்துச் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

பெயர் விஷயம் சின்னது. ஹாலிவுட் நடிகர்களின் பெயரெல்லாம் தடுக்காமல் வருகிற வாயில் நம் ஊர்ப் பெயர் மட்டும் நுழையாதாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டைட்டில் கார்டோடு நிற்கட்டும். ஆதார், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் கைவைக்காதீர்கள், பதினெட்டு வயதில் அந்த வைப்புத்தொகையை எடுக்கப் போகும்போது அலைய வேண்டியிருக்கும். எந்தப் பெயர் என்பதை அவளே சொல்லட்டும்.

அன்புடன்.